தாலுகா ஆபீஸ், பேரூராட்சி, தபால் ஆபீஸ்: அம்மா போன பிறகு நான் நின்ற கவுன்டர்கள்

அம்மாவின் 41ஆம் நாள் சடங்கு கழிந்த மறுநாளிலிருந்து இரண்டு மாதமாக நான் அரசு அலுவலகப் படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். இறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை, வாரிசுச் சான்றிதழ், தபால் ஆபீசில் அம்மா பெயரில் கிடந்த சேமிப்புக் கணக்கு, வீட்டை ஒட்டிய 22 சென்ட் விளைக்கு (தோட்ட நிலத்துக்கு) பட்டா மாற்றம் என்று வேலை நீண்டுகொண்டே போனது. ஹோட்டலுக்கும் ஜவுளிக்கடைக்கும் எல்லாரும் விமர்சனம் எழுதுகிறோம், சாம்பாரில் உப்பு கூடியதற்குக்கூட ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறோம். அரசு கவுன்டருக்கு யாரும் எழுதுவதில்லை. ஹோட்டல் பிடிக்கவில்லை என்றால் எதிர்த்த கடைக்குப் போய்விடலாம். தாலுகா ஆபீசுக்கு எதிர்த்த கடை கிடையாது. அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. அப்பா கத்தோலிக்கர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற வேலை. அம்மா அய்யாவழிக் குடும்பம், அதாவது அய்யா வைகுண்டரின் வழியில் கும்பிடுகிறவர்கள், சாமித்தோப்புக்குப் பக்கத்து ஊர். இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுத்தான் கல்யாணம். அம்மா கடைசிவரை கழுத்தில் அப்பா கட்டிய மின்னு (கிறிஸ்தவத் தாலி) போட்டிருந்தாள், நெற்றியில் திருநாமமும் இட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவோடு கத்தோலிக்கக் கோயிலுக்கும், சாயங்காலம் தனியாக அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற நிழல்தாங்கலுக்கும் போவாள். அண்ணனுக்கு அம்மா வழிப் பேர், தங்கைக்கு ஒரு புனிதையின் பேர், எனக்கு இரண்டு பக்கமும் சேராத ஒரு தமிழ்ப் பேர். எங்கள் மாவட்டத்தில் இந்த மாதிரி வீடு அதிசயம் ஒன்றும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே இந்துக்கள் ஏறக்குறைய 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47 சதவீதம், முஸ்லிம்கள் 4 சதவீதம். தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் இப்படி ஒரு சரிபாதி கிடையாது. அய்யாவழிக்காரர்களுக்கு அந்தக் கணக்கில் தனியாக ஒரு கட்டம்கூட இல்லை, இந்து என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

சரி, பேரூராட்சி அலுவலகத்திலிருந்து தொடங்குகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் அண்ணன் முதல் வாரத்திலேயே பதிந்துவிட்டான், ஆனால் அம்மா பெயரில் ஒரு எழுத்து மாறி விழுந்திருந்தது. அதைத் திருத்தப் போனேன். அந்தப் பிரிவில் இருந்த அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். கழுத்தில் ஜெபமாலை, விரலில் பத்து மணி வைத்த ஜெபமாலை மோதிரம். நான் விஷயத்தைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாக்கு எத்தன வயசு மக்களே? சுகமில்லாம கிடந்தாங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் ஆதார், ரேஷன் கார்டு, அம்மாவின் பழைய பள்ளிச் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்து, என்னையும் கூடவே படிக்கச் சொன்னார். கம்ப்யூட்டரில் அடித்த பிறகும் திரையைத் திருப்பி, "நீங்களே ஒருக்கா பாத்துக்கிடுங்க, இதுல தப்பு விழுந்தா பொறவு எல்லாத்திலயும் விழும்" என்றார். அவர் எந்த மதம் என்பது கழுத்திலேயே தெரிகிறது. என் அம்மா எந்த மதம் என்று அவர் கேட்கவே இல்லை, அந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. சுவரில் காலண்டர், கடிகாரம், தலைவர்கள் படம், அவ்வளவுதான். ஐந்துக்கு ஐந்து. ஒரே குறை, உட்கார நாற்காலி இரண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்றுக்குக் கால் ஆடுகிறது.

விஏஓவையும் (கிராம நிர்வாக அலுவலர்) இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் அது முதலில் விஏஓ, பிறகு ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), கடைசியில் தாசில்தார் என்று போகும். எங்கள் விஏஓ அய்யாவழிக்காரர். நெற்றியில் புருவ மத்தியிலிருந்து மேல் நோக்கிப் போகும் வெள்ளை நாமம், விசாரணைக்கு வந்த அன்றும் அப்படித்தான் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு பக்கம் திரு இருதய ஆண்டவர் படம், அதன் எதிர்ச்சுவரில் அம்மா விளக்கு வைக்கிற நிலைக்கண்ணாடி. அய்யாவழியில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி முன்னால்தான் நின்று கும்பிடுவார்கள், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். ஆனால் அவர் கேட்டது மூன்று பிள்ளைகளின் பேர், வயசு, அப்பா இறந்த தேதி, வேறு யாராவது உரிமை கேட்க உண்டா என்பது மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது கண்ணாடியைப் பார்த்து ஒரு நொடி நின்று கையைக் குவித்தார், பிறகு போய்விட்டார். அது அவருக்கும் அய்யாவுக்கும் இடையில் உள்ளது, எனக்கு அதில் மனது நிறைந்ததே தவிர வேறு ஒன்றும் இல்லை. நம் ஊரில் தோள்சீலைக்காக 1822 முதல் 1859 வரை சண்டை நடந்திருக்கிறது, எந்தச் சாதிப் பெண் எப்படி உடுத்தலாம் என்று அரசாங்கம் உத்தரவு போட்ட மண் இது. அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னதும் அதே காலத்தில்தான். அதனால் ஒரு அரசு ஊழியர் நெற்றியிலோ கழுத்திலோ தலையிலோ தன் நம்பிக்கையைப் போட்டுக்கொண்டு வருவதை யாராவது தடுக்க வந்தால் நான் அந்த ஊழியர் பக்கம்தான் நிற்பேன்.

இப்போது தாலுகா ஆபீஸ்.

அதற்கு முன் அம்மாவின் ஒரு பழக்கம். சின்ன வயதில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கார்டுக்கோ சாதிச் சான்றிதழுக்கோ போவாள். ஆபீஸ் வாசலில் நின்று, உள்ளே போகாமல், ஜன்னல் வழியாக எட்டிச் சுவரைப் பார்ப்பாள். உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே என்ன படம் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஒன்று முந்தானையால் நெற்றியை ஒற்றித் துடைத்துக்கொள்வாள், இல்லையென்றால் மின்னை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொள்வாள். பிறகுதான் உள்ளே போவாள். வெளியே வந்ததும் கைப்பையில் பொதிந்து வைத்திருக்கும் நாமமண்ணை எடுத்து மறுபடி இட்டுக்கொள்வாள். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, 1982 மார்ச்சில், மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம், துப்பாக்கிச் சூடு, அதைத் தொடர்ந்து கடற்கரை ஊர்களிலும் வன்முறை பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்தது எல்லாம் பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வயதில் எனக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகு அம்மா ஜன்னலில் எட்டிப் பார்க்கிற நேரம் கூடிவிட்டது என்பதுதான்.

நான் தாலுகா ஆபீசுக்குப் போன அன்று காலை பதினொன்றே கால். ஆன்லைன் விண்ணப்பம் பெயர்க் குழப்பம் என்று திரும்பி வந்திருந்தது, அசல் ஆவணங்களோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்னால் பதினான்கு பேர். முதியோர் பென்ஷன் நின்றுபோன ஒரு பாட்டி படியிலேயே உட்கார்ந்திருந்தார், கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் மகளின் காலேஜ் அட்மிஷனுக்குச் சான்றிதழ் கேட்டு மூன்றாவது தடவையாக வந்திருந்தார். பிரிவு எழுத்தரின் தலைக்கு மேலே ஒரு பெரிய சாமி படம், சீரியல் பல்பு போட்டு, அன்று காலை மாற்றிய பூவோடு. மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் அதே படம் சின்னதாக. எந்தச் சாமி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் "பார்த்தாயா, இவர்களே இப்படித்தான்" என்பார்கள், மறுபாதி என்னைத் திட்டுவார்கள், விஷயம் செத்துப்போகும். நாளைக்கு அந்த நாற்காலியில் எங்கள் வீட்டு ஆளே உட்கார்ந்து இதையே செய்தாலும் நான் இதையே எழுதுவேன்.

என் முறை வந்ததும் அவர் தாளை எடுத்துப் பார்த்தார். மூன்று பிள்ளைகளின் பேரையும் ஒருமுறை வாசித்தார். "ஒரு வீட்டுல இது எப்படிம்மா?" என்றார். சொன்னேன். "அம்மாக்கு மதம் என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது, அதில் எனக்குக் குறை இல்லை. இறந்தவர் இந்து என்றால் 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், கிறிஸ்தவர் என்றால் 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், யார் யார் வாரிசு என்பதே அதைப் பொறுத்துத்தான் முடிவாகும். திருவிதாங்கூரோடு இருந்த நம் ஊர்ப் பெண்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். அங்கே 1916ஆம் வருடத்துச் சட்டப்படி கிறிஸ்தவ வீட்டு மகளுக்கு, மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். கேரளத்தில் மேரி ராய் வழக்குப் போட்டு 1986இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்தக் கணக்கு ஒழிந்தது. ஆக மதம் என்ன என்று கேட்பது அவர் வேலை.

அதற்குப் பிறகு கேட்டவை அவர் வேலை இல்லை. "கடைசில எந்தப் பக்கம் இருந்தாங்க? எங்க அடக்கினீங்க? பூசை வச்சீங்களா, ஜெபம் வச்சீங்களா?" என்று கேட்டார். இரண்டும் வைத்தோம் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நகல்களில் அசலோடு ஒத்துப் பார்த்ததாகச் சீல் வைக்க வேண்டும், மொத்தம் ஏழு தாள். சீலை எடுத்துப் பேடில் ஒற்றினார். ஊதா மை காய்ந்துபோயிருந்தது, டம்ளரில் விரலைத் தொட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றினார். ஒற்றிய சீலைத் தாளுக்கு ஒரு விரல் அகலம் மேலே பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். இரண்டு தோணியில் கால் வைத்தால் ஆத்மா கரை சேராது, அம்மாவுக்காவது தெரியாது, படித்த நீங்களாவது ஒரு வழிக்கு வர வேண்டாமா, தங்கச்சியையும் அண்ணனையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவாருங்கள், அவர் வாழ்க்கையில் நடந்த ஒரு அற்புதம், அவர் மனைவிக்கு டாக்டர் கைவிட்ட நோய் குணமானது. அவர் கெட்ட மனிதர் இல்லை. மனைவியின் நோயைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, அது உண்மையான நன்றி, அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்தச் சீல் தாளுக்கு மேலேயே நின்றது. ஒரு தாளுக்கு வைப்பார், அடுத்த தாளுக்கு மேலே நிறுத்திக்கொண்டு பேசுவார். எனக்குப் பின்னால் பதின்மூன்று பேர் நின்றார்கள். படியில் இருந்த பாட்டி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமா சார், ஆமா சார்" என்றேன். புதைத்து இரண்டு மாதம்கூட ஆகாத என் அம்மாவின் கும்பிடு தப்பு என்று ஒருவர் சொல்ல, அதற்கு நான் ஆமாம் போட்டேன், ஏனென்றால் இன்னும் நான்கு தாள் பாக்கி இருந்தது. அன்று ராத்திரி தூங்க முடியவில்லை. கவரைப் பிரித்துப் பார்த்தபோது ஆவணங்களுக்கு நடுவில் ஒரு நோட்டீஸ், அடுத்த மாதம் நடக்கும் ஒரு வழிபாட்டுக் கூட்டத்துக்கு அழைப்பு. என் அம்மாவின் இறப்புச் சான்றிதழோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார்.

தெருவில் ஒருவர் வந்து இதையே பேசியிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுப்பவரிடம் வாங்கவும் செய்யலாம், வேண்டாம் என்று நடக்கவும் செய்யலாம். ஆபீஸ் முடிந்து டீக்கடையில் அதே எழுத்தர் எனக்கு ஒரு மணி நேரம் சொல்லியிருந்தால்கூட மரியாதையாகக் கேட்டிருப்பேன், பிடிக்கவில்லை என்றால் கிளம்பியிருப்பேன். சீல் கையில் இருக்கும்போது எதிரில் நிற்கிறவளுக்குக் கிளம்ப முடியாது. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு எல்லாருக்கும் தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை கொடுக்கிறது, அரசு ஊழியருக்கும் சேர்த்துத்தான். ஆனால் அவர் அந்த நாற்காலியில் இருக்கும்போது பேசுவது அவர் மட்டும் இல்லை, அரசாங்கமும் அவர் வாயால் பேசுகிறது. 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, அரசுக்கு மதம் கிடையாது என்று. அரசுக்கு மதம் இல்லை என்றால் அதன் சீலுக்கும் இருக்கக் கூடாது.

என் தங்கை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். இதைச் சொன்னதும் அவள் கோபப்பட்டாள், ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. "அப்போ நான் ஜெபிக்கிறதும் தப்பா?" என்று கேட்டாள். பிரசவத்துக்கு வருகிற பெண்கள் வலி தாங்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க" என்பார்களாம், அவள் கண்ணை மூடி ஒரு அருள் நிறை மரியே சொல்வாளாம். ஒரு தடவை அய்யாவழிக் குடும்பத்துப் பாட்டி ஒருவர், பிறந்த குழந்தையின் நெற்றியில் திருநாமம் இட வேண்டும், உள்ளே விடவில்லை, நீயே இட்டுவிடு மக்களே என்று காகிதப் பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறார். இவள் கையைக் கழுவிவிட்டு இட்டிருக்கிறாள். அம்மாவுக்கு இட்டுப் பழக்கம் இருக்கிறதே, கோடு நேராக வந்ததாம். அவளிடம் நான் சொன்னேன், இதில் தப்பே இல்லை, கேட்டது அவர்கள். நீ ஒருநாளும் தொடங்கியது இல்லையே என்றேன். இல்லை, நான் எப்படித் தொடங்குவேன், படுத்துக் கிடக்கிறவங்க வேண்டாம்னு சொல்லுவாங்களா என்றாள். எனக்கு அதற்கு மேல் ஒரு விதி தேவைப்படவில்லை.

அவளுக்கு வேறு ஒரு குறை இருக்கிறது. ஆபீசில் விழா என்றால் பெரிய அதிகாரியின் மேசையிலிருந்து ஒரு லிஸ்ட் சுற்றி வரும், ஆளுக்கு 200, 300 என்று. ஆயுத பூஜைக்கும் வரும், கிறிஸ்துமஸ் குடிலுக்கும் வரும். லிஸ்டில் பேர் பேராக எழுதியிருப்பதால் தராதவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். தற்காலிக வேலையில் இருக்கும் பெண்கள் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை எனக்கு மிகவும் பிடித்த நாள். அப்பா கத்தோலிக்கராக இருந்தும் அன்று தன் பால்வெட்டுக் கத்தியைக் கழுவி, தீட்டி, சந்தனம் வைத்து வாசல் திண்ணையில் வைப்பார், தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில், வேலைக்கு உதவும் பொருள்களுக்கு மரியாதை செய்வது மதச்சார்பின்மைக்கு எதிரானது இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறது. பொரி கடலை கொடுத்தால் நான் வாங்கித் தின்பேன். ஆனால் மேலதிகாரி கேட்டு வசூலிக்கிற 200 ரூபாயைக் காணிக்கை என்று சொல்ல முடியாது. கவுன்டரில் நிற்கும் பொதுஜனத்திடம் "பூஜைக்கு ஏதாவது" என்று கேட்பது அதைவிட மோசம், அதுவும் நடக்கிறது.

பெரியப்பா மகன் அமெரிக்காவில் இருக்கிறான், மத்திய அரசு வேலை. அவனிடம் பேசியபோது, அங்கே இதற்கெல்லாம் எழுதி வைத்த விதி இருக்கிறது என்றான். 1997இல் கிளின்டன் காலத்தில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஊழியர் தன் மேசையில் பைபிளோ குரானோ வைத்திருக்கலாம், இடைவேளையில் படிக்கலாம், சக ஊழியரிடம் மதம் பற்றிப் பேசலாம், அவர் போதும் என்று சொன்னால் நிறுத்திவிட வேண்டும். பொதுமக்கள் வந்து போகிற இடத்தில், அரசாங்கமே அந்த மதத்தை ஆதரிக்கிறது என்று தோன்றுகிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் 2025 ஜூலையில் அங்கே வந்த புதிய சுற்றறிக்கை இதை இன்னும் தளர்த்தியிருக்கிறது. சக ஊழியரைத் தன் மதம்தான் சரி என்று ஏற்க வைக்கப் பேசலாம், தொந்தரவாக இருக்கக் கூடாது, முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் டாக்டர் தன் நோயாளிக்காக அவர் அருகிலேயே ஜெபிக்கலாம் என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்களாம். கேட்டதும் எனக்குத் தங்கை சொன்னதுதான் ஞாபகம் வந்தது, படுத்துக் கிடக்கிறவர் வேண்டாம் என்று சொல்வாரா? நம் நாட்டில் விமானப் படைக்காரர் ஒருவர் மதக் காரணத்துக்காகத் தாடி வைக்கக் கேட்டபோது 2016இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது, படையின் ஒழுங்குக்கு ஒரே மாதிரித் தோற்றம் வேண்டும் என்று. படைக்கு அது சரியாக இருக்கலாம். தாலுகா ஆபீசில் தாடியோ மாலையோ யாரையும் ஒன்றும் செய்யாது.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் எனக்கு முக்கியம். அரசு அலுவலகங்களில் சாமி படங்கள் மாட்டக் கூடாது, இருப்பவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோதே, 1968இல், உத்தரவு வந்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்னால் வந்த உத்தரவு. அதற்குப் பிறகுதான் என் அம்மா ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்திருக்கிறாள். இதைச் சொன்னால் சிலர், கோபுரம், சிலுவை, பிறை மூன்றையும் ஒரே ஃபிரேமில் போட்டு மாட்டிவிடலாமே, நம் ஊர்க் கடைகளில் இருக்கிறதே என்கிறார்கள். கடையில் அழகாக இருக்கிறது, நானும் ரசிப்பேன். ஆபீசில் மாட்டினால் என் அம்மாவின் நாமம் அதில் எங்கே? எந்தச் சாமியும் கும்பிடாமல் கறுப்புச் சட்டையோடு வந்து நிற்கிறவருக்கு எங்கே? அப்புறம் எது நடுவில், எது பெரிது என்று அளக்கத் தொடங்குவோம், இந்த மாவட்டத்தில் அதை அளக்க ஆள் நிறைய இருக்கிறது. சட்டைப் பையில் படம் வைத்துக்கொள்ளட்டும், பர்சில் வைத்துக்கொள்ளட்டும், மேசை இழுப்பறையைத் திறந்தால் உள்ளே இருக்கட்டும். சுவர் வெறும் சுவராக இருக்கட்டும்.

தாலுகா ஆபீசுக்கு என் மதிப்பெண்: வேலை ஐந்துக்கு மூன்று, ஏனென்றால் ஆவணம் எதையும் தொலைக்கவில்லை, காசு கேட்கவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே நியாயம் இல்லை. கவுன்டருக்கு ஒன்று.

தபால் ஆபீஸ் பற்றிக் கொஞ்சமாகத்தான் சொல்ல இருக்கிறது, அங்கே பிரச்சினையே இல்லை. நாமினி நான்தான் என்பதால் ஒரு கிளெய்ம் படிவம், இறப்புச் சான்றிதழ் நகல், பாஸ் புக், இரண்டு சாட்சி. நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். இரண்டாம் கவுன்டரில் இருப்பவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். கண்ணாடியில் பேனாவால் எழுதிய சின்னத் தாள் ஒட்டியிருந்தது, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை பக்கத்துக் கவுன்டருக்கு வரவும் என்று. பக்கத்துக் கவுன்டரில் பொட்டு வைத்த ஒரு பெண் இரண்டு வரிசையையும் பார்த்துக்கொண்டிருந்தார், முகம் சுளிக்கவில்லை. பாய் திரும்பி வந்ததும் இவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் கார்த்திகை சோமவாரம் விரதம் இருக்கும்போது என் டீ நேரத்தில் அவர் எனக்காக உட்காருவார்" என்று அந்தப் பெண் தானாகவே சொன்னார். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் மூன்றாவது ஆளுக்காக இரண்டு பேரும் உட்காருவார்களாம். மாநில அரசு ஊழியர்களுக்கு வருடத்துக்கு மூன்று நாள் ஆர்.எச். (அவரவர் பண்டிகைக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் விடுமுறை) இருக்கிறது, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும், மாசியில் மண்டைக்காட்டுக் கொடைக்கும், அய்யா அவதார நாளுக்கும் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விட்டு ஒரு சனிக்கிழமை வேலை பார்த்து ஈடுகட்டுகிறார்கள். அதெல்லாம் தாளில் உள்ளது. இந்தத் தபால் ஆபீசில் நான் பார்த்தது தாளில் இல்லாதது. நான்கரை. அரை ஏன் குறைத்தேன் என்றால் பிரிண்டர் வேலை செய்யவில்லை, ரசீதுக்கு மறுநாள் போக வேண்டியிருந்தது.

வருகிற வழியில் களியக்காவிளை பஸ்சில் ஏறினேன். கண்டக்டர் மாலை போட்டிருந்தார், காலில் செருப்பு இல்லை, காக்கிச் சட்டைக்கு மேலே துளசி மணி. சீட்டு கேட்கிற ஒவ்வொருவரையும் "சாமி, எங்க இறங்கணும்?" என்றுதான் கேட்டார். முக்காடு போட்ட ஒரு அம்மாவிடமும் அப்படியே கேட்டார், அந்த அம்மா "தக்கலை சாமி" என்று சொல்லிச் சிரித்தார். அந்த மனிதர் நாற்பத்தொரு நாளும் எதிரில் வருகிறவரையெல்லாம் சாமியாகப் பார்க்க வேண்டும் என்று விரதம் இருக்கிறார். அதில் எனக்கு மீதிச் சில்லறையும் ஒழுங்காக வந்தது.

அடுத்த திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். எழுத்தரின் பேரை எழுதவில்லை, அவருக்குத் தண்டனை வேண்டாம். இரண்டே வேண்டுகோள்: கவுன்டர்களின் சுவரில் உள்ள படங்களை, எந்த மதமானாலும், 1968 உத்தரவுப்படி மரியாதையாக எடுத்து அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். மனுவோடு வருகிறவரிடம் வேலைக்குத் தேவையில்லாத மதக் கேள்வியோ மத யோசனையோ கூடாது என்று எல்லாப் பிரிவுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அண்ணன் வேண்டாம் என்றான், பட்டா மாற்றம் இன்னும் அதே ஆபீசில்தான் கிடக்கிறது, அது முடியட்டும் என்றான். அவன் பயம் எனக்குப் புரிகிறது, அந்தப் பயத்தோடுதான் நாங்கள் மூன்று பேரும் வளர்ந்தோம். நெற்றியில் நாமம் இட்டு, அம்மாவின் மின்னைச் சேலைக்கு வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டுதான் வரிசையில் நின்றேன்.

வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. அசல் ஆவணங்களைத் திரும்ப வாங்கப் போனபோது அந்த மேசையில் வேறு ஒரு பெண் இருந்தார், இடமாற்றமா லீவா தெரியாது, நானும் கேட்கவில்லை. இரண்டு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார், ஆறு நிமிடத்தில் வேலை முடிந்தது. போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன்னால் போங்கள், நகல் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் கடை ரோட்டைத் தாண்டி இருக்கிறது. படம் இன்னும் அதே இடத்தில்தான், பல்பு எரிகிறது. மனுவுக்குக் கொடுத்த ரசீது பத்திரமாக இருக்கிறது, பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.